நெரிஞ்சில் முளைக்கும் நிலம்

நம் அருளுரைகளில் முள்ளுக்குக் குறைவில்லை. ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம் தொடங்கி விதைக்கிறவன் உவமை வரையில் முள்ளைக் குறித்துப் பேசும் வாய்ப்பு ஆண்டுதோறும் நமக்குக் கிடைக்கிறது. ஆயினும் அந்த முள் எச்செடியைச் சார்ந்தது, அது எப்பருவத்தில் முளைக்கிறது, எத்தகைய நிலத்தை நாடுகிறது என்று எவரேனும் வினவினால், நம்மில் பலர் தயங்குவோம். நாட்டுப்புறச் சபைகளில் நமக்கு முன் அமர்ந்திருப்போரோ அதனைத் தம் உள்ளங்காலால் அறிந்தவர்கள். அறியாதவர் அறிந்தவர்க்கு முள்ளைப் பற்றிப் போதிக்கும் இந்நிலையை ஓரளவேனும் மாற்றும் நோக்கத்துடன், வறண்ட நிலத்துச் செடியாகிய நெருஞ்சியைப் பற்றி இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்குரிய இடமாகப் பெருமாநல்லூரைத் தெரிந்துகொள்கிறோம். திருப்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில், சேலம்–கோயம்புத்தூர் நெடுஞ்சாலையும் திருப்பூர்–கோபிசெட்டிபாளையம் சாலையும் சந்திக்கும் ஊர் இது. இன்று இவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவிற்கு வருவன பனியன் கம்பெனிகளும் அவற்றிற்கு ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிகளுமே. எனினும் அக்கம்பெனிகளின் சுற்றுச்சுவரை ஒட்டிய வெற்று நிலத்திலும், மனைகளாகப் பிரிக்கப்பட்டுக் கல் நடப்பட்ட காடுகளிலும், மழை பெய்த சில நாட்களில் நெருஞ்சி படர்வதை எவரும் காணலாம்.

1. பெயரும் குடும்பமும்

நெருஞ்சி, நெருஞ்சில், நெரிஞ்சில் என்னும் மூன்று வடிவங்களும் தமிழில் வழங்குகின்றன. மருத்துவ நூலார் இதனைச் சிறு நெருஞ்சில் என்பர். பெரு நெருஞ்சில் அல்லது யானை நெருஞ்சில் எனப்படுவது முற்றிலும் வேறான குடும்பத்தைச் சார்ந்த செடியாகும். அதுவும் மஞ்சள் நிறப் பூவும் முள்ளுடைய காயும் உடையதாயிருப்பதால் பெயர் ஒன்றாயிற்று. உறவினால் அவை ஒன்றல்ல.

தாவரவியலார் சிறு நெருஞ்சிலுக்கு வழங்கும் பெயர் டிரிபுலஸ் டெரெஸ்ட்ரிஸ் என்பதாம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இப்பெயரை நிலைநாட்டினார். பெயரின் முற்பகுதி ‘டிரிபொலோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. மும்முனை உடையது என்பது அதன் பொருள். பகைவரின் குதிரைகளை முடமாக்கும்படி போர்க்களத்தில் தூவப்பட்ட முள்ளுக்கருவிக்கும் பண்டைய கிரேக்கர் இச்சொல்லையே வழங்கினர். எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல்நோக்கி நிற்பது அக்கருவியின் இயல்பு. நெருஞ்சிக் காயின் இயல்பும் அதுவே. பெயரின் பிற்பகுதிக்குத் தரையில் வாழ்வது என்று பொருள். நீரில் வளரும் முட்காய்ச் செடியொன்றும் முற்காலத்தில் இதே பெயரால் அழைக்கப்பட்டமையால் இவ்வேறுபாடு தேவைப்பட்டது. நம் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலும் ‘டிரிபொலோஸ்’ என்னும் சொல் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

2. செடியின் அமைப்பு

நெருஞ்சி ஓராண்டுச் செடி. ஒரே மழைப்பருவத்தில் முளைத்து, பூத்து, காய்த்து, மடிந்துபோவது. வெப்ப நாடுகளில் ஈரம் நிலைத்திருந்தால் சில வேளை அதனினும் நெடிது வாழும். ஆணிவேர் நேராக மண்ணில் இறங்கும். வேரின் தலைப்பிலிருந்து தண்டுகள் எல்லாத் திசைகளிலும் தரையோடு தரையாகப் பரவும். நல்ல ஈரமுள்ள இடத்தில் ஒரு தண்டு ஒரு மீட்டருக்கு மேலும் நீளும். அண்டையில் உயரமான பயிர் இருந்து நிழல் செய்தால் தண்டின் நுனி சற்றே நிமிர்வதுண்டு. வெட்டவெளியில் அது தலை தூக்குவதில்லை.

இலைகள் எதிரெதிராக அமைந்தவை. ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலை பெரிதாகவும் எதிர் இலை சிறிதாகவும் இருக்கும். ஒவ்வோர் இலையும் பல இணைச் சிற்றிலைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். தண்டின் மீதும் இலையின் அடிப்புறத்திலும் வெண்மையான மென்மயிர் அடர்ந்திருப்பதால் இளஞ்செடி சற்று வெளிறித் தோன்றும். இம்மென்மயிர் கடும் வெயிலின் தாக்குதலைத் தணிக்கவும் நீராவி வெளியேறுவதைக் குறைக்கவும் உதவுகிறது.

பூ தனிப்பூ, சிறிய இலையின் கக்கத்தில் தோன்றுவது. புறவிதழ் ஐந்து, அகவிதழ் ஐந்து, மகரந்தத்தாள் பத்து. அகவிதழ்கள் பளிச்சென்ற மஞ்சள் நிறமுடையன. காலையில் மலரும் பூ அன்றே வாடி விழும். தேனீக்களும் சிறு வண்டுகளும் நாடி வருவதுண்டு. வராவிடினும் பூ தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய்க்க வல்லது. துணையற்ற இடத்தில் ஒற்றைச் செடியாக முளைத்தாலும் வழித்தோன்றல் உண்டாவதற்கு இவ்வேற்பாடு காரணமாகிறது.

நெருஞ்சிப் பூ கதிரவனை நோக்கி நிற்பதைச் சங்கப் புலவர் கூர்ந்து கண்டுள்ளனர். புறநானூற்றின் 155-ஆம் பாட்டில் மோசிகீரனார் இதனை உவமையாக்கினார். கொண்கானங்கிழானை நோக்கி நிற்கும் வறிய புலவரின் வெறுங்கலங்களுக்கு ஞாயிற்றை நோக்கி நிற்கும் நெருஞ்சிப் பூவை அவர் ஒப்பிட்டார். குறுந்தொகையின் 202-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் வேறொரு பண்பைக் கண்டார். முதலில் கண்ணுக்கு இனிய பூவாயிருந்தது பின்னர் முள்ளாக முடிகிறது. இனியவராயிருந்த தலைவரும் அவ்வாறே இன்னாதவராயினர் என்று தலைவி வருந்துகிறாள். பூவிற்கும் முள்ளிற்கும் இடையேயுள்ள உறவை இப்புலவர் பெருமாட்டி பிழையின்றி அறிந்திருந்தார். ரோசாச் செடியிலும் கருவேலிலும் முள் தண்டிலே இருக்கும். நெருஞ்சியின் தண்டிலோ இலையிலோ முள் கிடையாது. அதன் கனியே முள்.

3. முட்காய்

காய் முற்றி உலரும்போது ஐந்து துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டும் கட்டைபோல் கடினமானது. அதில் இரண்டு நீண்ட வலிய முட்களும், கீழ்ப்புறத்தில் இரண்டு சிறிய முட்களும் பொதுவாக இருக்கும். துண்டு தரையில் எவ்விதமாகக் கிடந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். மிதிக்கும் கால், குளம்பு, செருப்பு, சக்கரம் எதுவாயினும் அதில் தைத்துக்கொண்டு அத்துண்டு தாய்ச்செடியை விட்டு நெடுந்தூரம் செல்கிறது.

காற்றில் பறக்கும் பஞ்சு எருக்கின் விதைக்கு உண்டு. பறவையைக் கவரும் இனிய சதை ஆலம்பழத்திற்கு உண்டு. தரையோடு கிடக்கும் நெருஞ்சிக்கு இவ்விரண்டும் இல்லை. அதனை மிதிப்பவரே அதனைச் சுமப்பவராகின்றனர். பனியன் கம்பெனியிலிருந்து காட்டு வழியாக வீடு திரும்பும் தொழிலாளி, வாசலில் நின்று ரப்பர்ச் செருப்பின் அடியைத் தரையில் தேய்த்து முள்ளை உதிர்க்கிறார். அச்செயலால் அடுத்த மழைக்குரிய செடியைத் தம் வாசலிலேயே அவர் விதைத்துவிடுகிறார். இவ்வாறே கப்பற்சரக்கோடும் ஆட்டுமயிரோடும் பயணம் செய்து, வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நெருஞ்சி குடியேறிற்று. மிதிவண்டிச் சக்கரத்தைத் துளைக்கும் கொடி என்றே அமெரிக்கர் இதற்குப் பெயரிட்டனர். இதனைக் கட்டுப்படுத்த 1961-ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து இருவகைக் கூன்வண்டுகளை வருவித்து அங்கே பரப்பினர். ஒருவகை காயைத் துளைப்பது. மற்றொன்று தண்டைத் துளைப்பது.

காய்த்துண்டின் உள்ளே பொதுவாக இரண்டு முதல் நான்கு விதைகள், இடையே தடுப்புகளுடன் வரிசையாக அமைந்துள்ளன. இவை எல்லாம் ஒரே மழையில் முளைப்பதில்லை. பெரிய விதை முதலில் முளைக்க, எஞ்சியவை உறங்கிக் கிடக்கும். முதல் மழைக்குப்பின் வானம் பொய்த்து முளைத்த கன்று கருகினாலும், உறங்கும் விதை அடுத்த மழைக்கோ அடுத்த ஆண்டின் மழைக்கோ காத்திருக்கும். பாலைவனத்து ஓராண்டுச் செடிகள் பலவற்றிற்கும் இவ்வியல்பு பொதுவானது. மழை நிச்சயமற்ற நாட்டில் எல்லா விதையையும் ஒருநாளிலே செலவிடும் செடி நிலைப்பதில்லை.

4. வறட்சியில் வாழும் முறை

ராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனம், ஆப்பிரிக்காவின் சகாரா, பாலஸ்தீன நாடு ஆகியவற்றிலும் நெருஞ்சி வளர்கிறது. இத்தகைய இடங்களில் அது வாழ்வதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, விரைவு. ஈரம் கிடைத்தவுடன் முளைத்து, ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் பூக்கத் தொடங்கிவிடுகிறது. பூவும் காயும் ஒரே தண்டில் அடுத்தடுத்துக் காணப்படும். இரண்டாவது, ஆணிவேர். மேல்மண் காய்ந்தபின்னும் கீழ்மண்ணின் ஈரத்தை அது தேடிச் செல்கிறது. மூன்றாவது, உணவு ஆக்கும் முறை. சோளம், கம்பு, மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றைப்போல் நெருஞ்சியும் சி4 என்று குறிக்கப்படும் ஒளிச்சேர்க்கை முறையைக் கொண்டது. இம்முறையில் செடி இலைத்துளைகளைக் குறைவாகத் திறந்தே தனக்கு வேண்டிய கரியமில வாயுவைப் பெறுகிறது. ஆகவே குறைந்த நீரைச் செலவிட்டு, மிகுந்த வெயிலிலும் வளர இயலுகிறது.

எனினும் நெருஞ்சியால் இயலாத ஒன்று உண்டு. அடர்ந்த புல்லையும் நெருங்கி வளர்ந்த பயிரையும் ஊடுருவி அது மேலெழ முடியாது. நிழல் அதற்கு ஆகாது. ஆதலால் மண் திறந்து கிடக்கும் இடமே அதன் வாழிடம்: பாதையோரம், களத்துமேட்டின் விளிம்பு, அளவுக்கு மீறி மேய்க்கப்பட்ட மேய்ச்சல் நிலம், உழுது விதைக்காமல் விடப்பட்ட காடு. புல் மூடிய நிலத்திற்குள் அது வலிந்து நுழைவதில்லை. மண்ணின் போர்வை அகன்றபின்னரே வருகிறது. இக்கட்டுரையின் மையக் கருத்து இவ்வொரு செய்தியிலேயே அடங்கியுள்ளது.

5. பெருமாநல்லூர்க் காடுகள்

பெருமாநல்லூர் பாலைவனம் அன்று. ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் அமைந்துள்ளதால் தென்மேற்குப் பருவமழை இப்பகுதிக்குக் குறைவாகவே கிட்டுகிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மி.மீ. வரையே, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. செம்மண்ணும் சுக்காங்கல்லும் கலந்த மேட்டுநிலம் நீரை நெடுநாள் தாங்காது.

கொங்கு நாட்டில் மழையை நம்பிய நிலத்தைக் ‘காடு’ என்றும், கிணற்றுப் பாசன நிலத்தைத் ‘தோட்டம்’ என்றும் வழங்குவர். காடுகளில் சோளம், கம்பு, கொள்ளு, நிலக்கடலை, எள் ஆகியவை பயிராயின. தோட்டத்தின் உயிர் கிணற்று நீர். அந்நீரை இறைக்க மின்சாரம் இன்றியமையாததாயிற்று. மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர் நடத்திய போராட்டத்தில், 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டிற்கு மூன்று உழவர்கள் பலியாயினர். நீரை இறைக்கும் செலவு இம்மண்ணில் உயிருக்கு நிகரான வழக்காயிருந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சியே போதிய சான்று.

பின்வந்த ஆண்டுகளில் கிணறுகள் ஆழமாயின, ஆழ்குழாய்கள் இறங்கின, நீர்மட்டமும் தாழ்ந்தது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது, களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் வந்த கைகள் தையல் இயந்திரத்திற்கும் பிசிறு வெட்டும் வேலைக்கும் சென்றன. வாரந்தோறும் கூலி கிடைக்கும் வேலையை விட்டு, மழை பெய்தால் மட்டுமே பலன் தரும் காட்டிற்குத் திரும்புமாறு எவரையும் நாம் வற்புறுத்த இயலாது. நிலத்தின் விலையும் விளைச்சலின் மதிப்பைக் கடந்து உயர்ந்தது. இவ்வாறு பல காடுகள் விதைப்பின்றிக் கிடக்கின்றன. அங்கே நெருஞ்சி படர்கிறது. அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கப்பட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானியாற்றின் உபரி நீரைக் கொண்டுவர வழி செய்தது. நீர் வரலாம், உழவேண்டிய கைகள் திரும்புமா என்பது வேறு வினா.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் பாலையைப் பற்றிய ஆழ்ந்த கருத்து ஒன்றுண்டு. பாலை தனியானதொரு நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் துன்புறும்போது கொள்ளும் வடிவமே பாலை என்பது அது. பெருமாநல்லூர்க் காட்டில் நாம் காணும் நெருஞ்சி இத்தகைய பாலையின் செடி எனலாம்.

6. பயனும் தீங்கும்

நெருஞ்சியை வெறும் தீமை என்று கூறுவதும், அதன் தீங்கை மறைத்துப் புகழ்வதும் உண்மையாகா. நிலக்கடலைக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் இது நீருக்கும் உரத்திற்கும் போட்டியிடும் களை. களை எடுப்பவரின் விரலைக் குத்துவது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட காரூ பகுதியில், வாடிய நெருஞ்சியை மேய்ந்த செம்மறியாடுகளின் ஈரல் கெட்டு, வெயில் பட்டவுடன் முகம் வீங்கும் நோய் உண்டாகிப் பெருந்தொகையாக மடிந்துள்ளன.

மறுபுறம், சித்த மருத்துவர் சிறு நெருஞ்சிலை நீர்க்கடுப்பிற்கும் கல்லடைப்பிற்கும் உரிய மூலிகையாக நெடுங்காலமாய்க் கையாளுகின்றனர். ஆயுர்வேதத்தின் தசமூலம் என்னும் பத்து வேர்களுள் இதன் வேரும் ஒன்று. வடமேற்கு இந்தியாவின் வறண்ட பகுதிகளில் பஞ்ச காலத்தில் ஏழைகள் இதன் முட்காயை இடித்து மாவாக்கி உண்டு உயிர் பிழைத்தனர். தானியம் ஒழிந்த நிலத்தில் இதுவே எஞ்சியிருந்தது.

7. திருமறையில் நெரிஞ்சில்

முதலில் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். திருமறையில் வரும் தாவரப் பெயர்களை இன்றைய இனங்களோடு உடனே இணைத்துவிடுவது பிழையாகும். ஆதியாகமம் 3:18-இல் ‘தர்தர்’ என்னும் எபிரெயச் சொல்லைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் ‘டிரிபொலோஸ்’ என்று பெயர்த்தனர். மத்தேயு 7:16-இலும் எபிரெயர் 6:8-இலும் அதே கிரேக்கச் சொல் வருகிறது. நம் பழைய தமிழ்த் திருப்புதலில் முதலிடத்தில் ‘குருக்கு’ என்றும், பின்னைய இரண்டிடங்களில் ‘முட்பூண்டு’ என்றும் உள்ளது. நெருஞ்சியின் தாவரவியற் பெயர் இச்சொல்லினின்று பிறந்ததாயினும், அவ்விடங்களில் சுட்டப்பட்டது நெருஞ்சியேயென்று துணிய இயலாது. பாலஸ்தீன வயல்களில் மலிந்துள்ள வேறு முட்செடிகளையே ஆராய்ச்சியாளர் பலர் அங்கே காண்கின்றனர். ஏசாயா 5:6-இல் நம் திருப்புதல் ‘நெரிஞ்சில்’ என்னும் சொல்லையே ஆள்கிறது. மூலத்தில் உள்ள ‘ஷாமீர்’, ‘ஷாயித்’ என்னும் இணைச்சொற்கள் பாழ்நிலத்தைக் குறிக்கும் மரபுத்தொடராய் ஏசாயா நூலுக்கே உரியவை. அவற்றின் இனமும் உறுதியாக அறியப்படவில்லை. ஆயினும் தமிழ் வாசகர் பாழ்நிலத்தைக் கண்முன் காணும்படி மொழிபெயர்ப்பாளர் தெரிந்துகொண்ட சொல் பொருத்தமானதே.

இவ்வதிகாரத்தில் நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் வேலி அகற்றப்படுகிறது, சுவர் இடிக்கப்படுகிறது, கிளை நறுக்குவாரும் களை கொத்துவாரும் இல்லாமற்போகிறார்கள், அதன் பின்னரே நெரிஞ்சில் முளைக்கிறது. நெரிஞ்சில் வந்து தோட்டத்தைக் கெடுத்ததாகத் தீர்க்கதரிசி கூறவில்லை. கைவிடப்பட்ட நிலத்தில் இறுதியாகத் தோன்றும் அடையாளமாகவே அதனைக் காட்டுகிறார். தாவரவியல் கூறும் வரிசையும் இதுவே. மேலும், அத்தோட்டத்தின் பொருளை ஏழாம் வசனம் விளக்குகிறது: தேடப்பட்டது நியாயம், காணப்பட்டது கொடுமை. அடுத்த வசனம் வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்ப்போரைச் சுட்டுகிறது. ஆகவே முள்ளைக் கண்ட தீர்க்கதரிசியின் பார்வை, முள்ளில் நில்லாது நிலவுடைமையின் நீதி வரையில் சென்றது.

மத்தேயு 7-இல் கள்ளத்தீர்க்கதரிசிகளைக் கனியினால் அறியுமாறு ஆண்டவர் கட்டளையிடுகிறார். அங்கே குறிக்கப்பட்ட செடி வேறாயினும், அப்போதனையைத் தமிழர்க்கு விளக்க நெருஞ்சியினும் சிறந்த செடி கிடைப்பது அரிது. பூவைக் கண்டு தீர்ப்புக் கூறுவோர் நெருஞ்சியைப் புகழ்வர். அள்ளூர் நன்முல்லையாரைப்போல் காய்க்கும் பருவம் வரை காத்திருப்போரே அதனை அறிவர்.

8. அருள்தொண்டர்க்கு

விதைப்பின்றி முள் மண்டிய காட்டின் சொந்தக்காரர் நம் ஆராதனையில் அமர்ந்திருக்கக்கூடும். பகல் முழுவதும் கம்பெனியில் நின்று வேலைசெய்து, அந்த முள்ளைச் செருப்பில் சுமந்துவந்த பெண்ணும் அமர்ந்திருக்கக்கூடும். அவர்களுக்கு முன் நின்று, முள் முளைத்தது உங்கள் பாவத்தின் சாபம் என்று எளிதாகக் கூறிவிட்டால், நாம் செடியையும் அறியவில்லை, திருமறையின் வரிசையையும் அறியவில்லை என்றாகும். இந்நிலத்தில் களை கொத்திய கைகள் ஏன் விலகின, நீர் எங்கே போயிற்று, வேலியை அகற்றியவர் யார் என்று முதலில் கேட்பதே தீர்க்கதரிசன வழி. அவ்வினாக்களுக்குரிய விடையில் நம் சபையாரின் பங்கும், நாம் உடுத்தும் ஆடையின் பங்கும் இருக்கலாம்.

நெருஞ்சியை அகற்றும் முறையையும் உழவர் நமக்குக் கற்பிப்பர். பூ காயாவதற்கு முன் வேரின் தலைப்பிற்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டும். ஒருமுறை எடுத்தால் போதாது. மண்ணில் உறங்கும் விதைகள் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் முளைக்கும். முள்ளைப் பொறுக்குவதோடு நிற்காமல், அவ்விடத்தில் வேறொன்றை விதைத்து மண்ணை மூடிவைக்க வேண்டும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல்லை வளர்த்து முறையாக மேய்க்கும் குடியானவர் நெடுங்காலமாகச் செய்துவருவது இதுவே. புல் மூடிய அம்மண்ணில் நெருஞ்சிக்கு இடமில்லை.

இறையியல் மாணவர்க்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைத்து முடிக்கிறோம். முள்ளைக் குறித்த அடுத்த அருளுரையை எழுதுமுன், மழைக்காலத்துக் காலை நேரம் ஒன்றில் அருகிலுள்ள தரிசு நிலத்திற்குச் செல்க. நெருஞ்சியை வேரோடு எடுத்து, இதழையும் தாளையும் எண்ணுக. காயைப் பிரித்து அதன் ஐந்து துண்டுகளையும் காண்க. பின்னர் அந்நிலத்தில் முன்னே என்ன விளைந்தது என்று அவ்வூர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்க. அவர் கூறும் விடையைக் கேட்டபின்னர் எழுதும் அருளுரை வேறாக இருக்கும்.